ஓடையின் நடுவே ஓர் எல்லை: அயர்லாந்தின் பழைய நில அளவைத் தாள்களை வாசித்தல்

ஓர் ஓடை. அதன் போக்கிலேயே வளைந்து வரும் ஒரு புள்ளிக்கோடு. கோட்டின் ஓரத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தால்தான் தெரியும் அளவுக்குப் பொடியாக ‘சி.எஸ்.’ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். அயர்லாந்தின் பழைய நில அளவைத் தாளை முதன்முறை பார்ப்பவர் இதை நிலக்காரர் ஒருவரின் பெயர்ச்சுருக்கம் என்றே நினைப்பார். அது ஆள் பெயரல்ல. ‘ஓடையின் நடு’ என்பதன் சுருக்கம். எல்லை எந்தக் கரையையும் சேராமல் நீரோட்டத்தின் நடுவில் போகிறது என்று அளந்தவர் எழுதிவைத்த சாட்சி அது.

இதே குடும்பத்தில் இன்னும் பல சுருக்கங்கள் உண்டு. ‘சி.ஆர்.’ என்றால் ஆற்றின் நடு. ‘சி.எஃப்.’ வேலியின் நடு. ‘எஃப்.டபிள்யூ.’ சுவரின் முகம். ‘ஆர்.எச்.’ உயிர்வேலியின் வேர். வேருக்கு முன்னால் சில இடங்களில் இத்தனை அடி என்று ஓர் எண்ணும் சேரும். உயிர்வேலி ஆண்டுக்காண்டு படர்ந்து அகலும்; கிளையை வைத்து எல்லை சொன்னால் வேலி வளர வளர எல்லையும் நகரும். வேர் நின்ற இடத்தில் நிற்கும். அதனால்தான் வேரிலிருந்து அளந்தார்கள்.

இந்த ஒரு சுருக்கத்துக்குள்ளேயே வேலித் தகராறு, அதைத் தீர்க்க வந்த அரசாங்கம், அரசாங்கத்துக்கு வேண்டியிருந்த வரி எல்லாம் அடங்கியிருக்கின்றன. பழைய படத்தின் குறிகளை விளக்கப் பட்டியலை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது என்பதே இக்கட்டுரை சொல்ல விரும்புவது. ஒவ்வொரு குறியும், அளக்கப் போனவரிடம் மேலிடம் கேட்டனுப்பிய கேள்விக்கு அவர் கொண்டுவந்த பதில். கேள்வி எதுவென்று தெரிந்தால்தான் பதில் புரியும்.

வரிக்காகப் பிறந்த படம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தில் ‘கவுன்டி செஸ்’ என்ற உள்ளூர் வரி இருந்தது. சாலை, பாலம் போன்றவற்றின் செலவை நிலத்தின் தலையில் பங்கு வைக்கும் வரி. பங்கு வைக்கும் அலகு ‘டவுன்லேண்ட்’. பெயரில் டவுன் இருந்தாலும் இதற்கும் நகரத்துக்கும் சம்பந்தமில்லை. நாட்டுப்புறத்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு இது. இவை நாடெங்கும் 60,000க்கு மேல் உண்டு. பல டவுன்லேண்டுகள் சேர்ந்தது பேரிஷ், அதற்கு மேல் பேரனி, அதற்கும் மேல் கவுன்டி. டவுன்லேண்டுகளின் உண்மைப் பரப்பு யாருக்கும் சரியாகத் தெரியாததால், ஒருவர் மிகுதியாகக் கட்ட, இன்னொருவர் குறைவாகக் கட்டித் தப்பினார். இந்த முறைகேட்டைத் தீர்க்க வழி தேடி 1824இல் தாமஸ் ஸ்பிரிங் ரைஸ் தலைமையில் நாடாளுமன்றக் குழு கூடியது. நாடு முழுவதையும் மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவில் படமாக்குவது என்று முடிவாயிற்று.

பொறுப்பு ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற இராணுவ நில அளவைத் துறையிடம் போனது. தலைவர் தாமஸ் கோல்பி. டப்ளினில் இருந்து வேலையை நடத்தியவர் தாமஸ் லார்கம். ஃபீனிக்ஸ் பூங்காவிலுள்ள மவுன்ட்ஜாய் இல்லம் தலைமையகம் ஆனது. 1833இல் லண்டன்டெரி கவுன்டியின் தாள்கள் முதலில் வெளிவந்தன. 1846இல் கெர்ரியோடு தொகுதி நிறைவுற்றது. மொத்தம் ஏறத்தாழ 1,900 தாள்கள். ஒவ்வொன்றும் செப்புத் தகட்டில் கையால் செதுக்கி அச்சிட்டது. ஒரு நாடு முழுவதையும் இவ்வளவு பெரிய அளவில், ஒரே முறையில், அதற்கு முன் யாரும் படமாக்கியதில்லை.

அளவையின் அடித்தளத்துக்கு லஃப் ஃபோய்ல் கரையில் 1827-28இல் ஏறக்குறைய 8 மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தார்கள். அதற்காகக் கோல்பி உருவாக்கிய கருவியில் பித்தளைச் சட்டமும் இரும்புச் சட்டமும் இணைந்திருந்தன. இரண்டு உலோகங்களும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் நீள்வதைப் பயன்படுத்தி, கருவியின் குறிக்கப்பட்ட இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம் மாறாமல் இருக்கும்படி அதை அமைத்தார். இந்தியப் பெருமுக்கோண அளவையின் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட் 1829இல் அயர்லாந்து சென்று இந்த வேலையை நேரில் பார்த்தார். பிறகு அதே வகைச் சட்டங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1868-69இல் கன்னியாகுமரிப் பகுதியில் அடிக்கோடு அளந்ததும் கோல்பி சட்டங்களால்தான். அயர்லாந்தின் கடற்கரையில் பிறந்த அளவை முறை நம் தென்கோடி மண்ணையும் தொட்டிருக்கிறது.

எல்லை காட்டிய மனிதர்கள்

தாளில் புள்ளிகளும் சிறுகோடுகளும் மாறி மாறி வரும் எல்லைக்கோடுகள் பல வகை. டவுன்லேண்ட், பேரிஷ், பேரனி, கவுன்டி ஆகியவற்றுக்கு வெவ்வேறு கோடுகள். இவற்றை வயல்வேலியோடும் நடைபாதையோடும் குழப்பிக்கொள்வது புதிதாகப் பார்ப்பவர் செய்யும் முதல் பிழை. எல்லையாக வருவது நிலத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. திறந்த மலைச்சரிவிலும் சதுப்பிலும் எல்லை ஊராரின் நினைவில் மட்டுமே இருந்தது.

அந்த நினைவைத் தாளில் ஏற்ற ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1825 முதல் தனி எல்லை அளவை நடந்தது. ஊர்தோறும் எல்லை தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரை நியமித்தார்கள். ‘மியர்ஸ்மேன்’ என்று அவருக்குப் பெயர். எல்லைகாட்டி என்று சொல்லலாம். அவர் முன்னே நடந்து, இந்தக் கல், இந்தப் பள்ளம், இந்த ஓடை என்று காட்டினார். பின்னால் வந்தவர் குறித்துக்கொண்டார். அதன் பிறகே படைவீரர்கள் சங்கிலியோடு வந்தார்கள். 66 அடி நீளம், 100 கண்ணி கொண்ட கன்டர் சங்கிலி அது. ஆகவே ‘சி.எஸ்.’ என்ற இரண்டெழுத்துக்குப் பின்னால், பெயர் தெரியாத ஓர் அயர்லாந்துக் குடியானவர் ஓடைக்கரையில் நின்று கை நீட்டிக் காட்டிய காட்சி இருக்கிறது.

டவுன்லேண்டின் பெயருக்கு அருகே வரும் மூன்று எண்கள் பலரைத் திகைக்க வைக்கும். அவை ஏக்கர், ரூட், பெர்ச். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஓர் ஏக்கர். இங்கே ஒரு கண்ணி உண்டு. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஏக்கர் சட்ட ஏக்கர். அதற்கு முந்தைய குத்தகைப் பத்திரங்களிலும் ஜமீன் படங்களிலும் பெரும்பாலும் அயர்லாந்து ஏக்கர் இருக்கும்; அது சட்ட ஏக்கரைப் போல் ஏறக்குறைய 1.62 மடங்கு. பழைய பத்திரத்தில் 10 ஏக்கர், புதிய படத்தில் 16 ஏக்கர் சொச்சம் என்றால் பக்கத்து நிலத்தை வளைத்துப் போட்டதாகப் பொருளில்லை, அளவுகோல் மாறியிருக்கிறது. அயர்லாந்து மைலும் அப்படியே: அது 2,240 கெஜம், சட்ட மைல் 1,760 கெஜம்.

கல்லில் வெட்டிய அம்பு

பிந்தைய தாள்களில் ‘பி.எம்.’ என்ற எழுத்தும், பக்கத்தில் புள்ளி வைத்த ஓர் எண்ணும், காக்கையின் காலடித் தடம்போல் மூன்று கோடுகள் கூடும் ஒரு குறியும் காணலாம். இது மட்டக்குறி. அளவைப் படையினர் தேவாலயச் சுவரிலோ பாலத்தின் கைப்பிடிக் கல்லிலோ ஒரு கிடைக்கோடு வெட்டி, அதைத் தொடும்படி கீழிருந்து அம்பு செதுக்கினார்கள். தாளிலுள்ள உயரம் அந்தக் கிடைக்கோட்டின் உயரம், தரையின் உயரமல்ல. நடுவில் புள்ளியிட்ட முக்கோணம் முக்கோண அளவை நிலையத்தைக் குறிக்கும்.

உயரத்தை எங்கிருந்து அளந்தார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பழைய அயர்லாந்துத் தாள்களில் சுழியம் என்பது, 1837 ஏப்ரல் 8 அன்று டப்ளினின் பூல்பெக் கலங்கரை விளக்கத்தில் பெருவேற்றக் காலத்துக் கடல் வற்றி நின்ற மட்டம். இன்றைய படங்கள் மாலின் ஹெட் முனையின் சராசரிக் கடல்மட்டத்தைச் சுழியமாகக் கொள்கின்றன. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 2.7 மீட்டர். பழைய எண்ணை அப்படியே எடுத்து இன்றைய எண்ணோடு ஒப்பிடுபவர், குன்று தேய்ந்துவிட்டதாகத் தவறான முடிவுக்கு வருவார்.

வட்டங்களும் எழுத்து வடிவங்களும்

படத்தில் மிகுதியாகக் குழப்புவது வட்டம். ‘டபிள்யூ.’ என்ற எழுத்தோடு சின்ன வட்டம் இருந்தால் கிணறு. கல்குவாரிக்கருகில் சிறு வட்டமாக இருந்து ‘லைம் கில்ன்’ என்று எழுதியிருந்தால் சுண்ணாம்புக் காளவாய். அமில மண்ணைச் சரிசெய்யச் சுண்ணாம்பு தேவைப்பட்டதால் பண்ணைதோறும் காளவாய் இருந்தது. இவற்றைவிடப் பெரிதாய், சுற்றிலும் சரிவைக் காட்டும் சிறுகோடுகளோடு வயல் நடுவே தனித்திருக்கும் வட்டம்தான் அரிய வாசிப்பைக் கோருவது. பெரும்பாலும் அது ‘ராத்’ அல்லது ‘லிஸ்’. முற்கால அயர்லாந்துக் குடும்பம் ஒன்று மண்கரை எழுப்பி உள்ளே வாழ்ந்த வட்டக் குடியிருப்பு. நாடெங்கும் 40,000க்கு மேல் அடையாளம் காணப்பட்டவை இவை. வன தேவதைகள் உறையும் இடம் என்ற நம்பிக்கையால் உழவர்கள் நெடுங்காலம் இவற்றில் ஏர் பூட்டவில்லை. பின்னாளில் எந்திரம் வந்து பலவற்றைத் தரைமட்டமாக்கியது. அவை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தொல்லியலாளர் முதலில் எடுப்பது 1830களின் 6 அங்குலத் தாளைத்தான்.

இங்கே எழுத்தின் வடிவமே ஒரு குறி. சாதாரண இடப்பெயர் ஒரு வடிவில், தொல்பொருள் இடம் பழைய கோதிக் வடிவில். கோணல்மாணலான கனத்த எழுத்தில் ஒரு சொல் இருந்தால், அளவைத் துறை அதைப் பழமை என்று ஏற்றிருக்கிறது. கோதிக்கில் இல்லையென்றால் பழமை இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அளந்தவர் கண்ணில் படாதது, பட்டும் பழமை என்று தெரியாதது ஏராளம்.

சில சொற்களை மெதுவாக வாசிக்க வேண்டும். ‘கில்லீன்’, ‘லிஷீன்’ போன்ற பெயர்களும், சில தாள்களில் ‘குழந்தைகள் புதைகாடு’ என்ற குறிப்பும் வரும். திருமுழுக்குப் பெறாமல் இறந்த சிசுக்களைத் திருநிலைப்படுத்திய கல்லறைத் தோட்டத்தில் அடக்கக் கத்தோலிக்கத் திருச்சபை இடம் தரவில்லை. பெற்றோர் அவர்களைக் கைவிடப்பட்ட பழைய கோயிலின் அருகிலோ ராத்தின் உட்புறத்திலோ, எல்லை ஓரத்திலோ புதைத்தார்கள். பெயர் பொறித்த கல் கிடையாது. சில இடங்களில் அந்தப் பிள்ளைகள் அங்கே கிடக்கிறார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இந்தத் தாளிலுள்ள ஒரு சொல் மட்டுமே.

வழிபாட்டிடங்களின் பெயர்களிலும் அன்றைய அதிகாரம் தெரிகிறது. முதற்பதிப்பில் ‘சர்ச்’ என்ற சொல் அரசு நிலைநிறுத்திய அயர்லாந்துத் திருச்சபையின் கோயிலுக்கே உரியது. மக்களில் மிகப் பெரும்பாலோர் வழிபட்ட கத்தோலிக்கக் கோயில் ‘ஆர்.சி. சேப்பல்’. பிரெஸ்பிட்டீரியன்களுடையது ‘கூட்ட வீடு’. 1869ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த நிலைநிறுத்தம் நீங்கும்வரை, எது கோயில், எது சிற்றாலயம் என்பதைக் கூட்டத்தின் அளவு தீர்மானிக்கவில்லை, சட்டம் தீர்மானித்தது. அதுபோலவே, நுண்புள்ளிகள் தூவி நிழலிட்ட பரப்பு பெருநிலக்கிழாரின் மாளிகைத் தோட்டம். குடியானவரின் உருளைக்கிழங்கு வயல் வெறும் வெள்ளையாய் நிற்க, பிரபுவின் புல்வெளிக்குச் செதுக்குநர் ஆயிரக்கணக்கான புள்ளிகள் குத்தியிருக்கிறார்.

பெயருக்குள் மறைந்த மொழி

தாளிலுள்ள ஊர்ப்பெயர்களும் ஒருவகைக் குறிகளே. அயர்லாந்து மொழியின் ஒலியை ஆங்கில எழுத்தில் பிடித்த வடிவங்கள் இவை. இந்த வேலையின் உயிர்நாடி ஜான் ஓடோனவன். ஜார்ஜ் பெட்ரி நடத்திய பிரிவில் யூஜின் ஓகரி போன்ற அறிஞர்களோடு சேர்ந்து உழைத்தவர். ஊர் ஊராக நடந்து, முதியவர்கள் பெயரை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று கேட்டு, பழைய ஆவணங்களில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டு, பெயரேடுகளில் பதிந்தார். அச்சுக்குப் போனதோ ஆங்கில வடிவம்.

அந்தப் பெயர்மாற்றத்தில் என்ன இழப்பு நேர்ந்தது என்பதற்கு ‘கில்’ என்ற ஒரே அசை போதும். அது ‘கில்’ என்னும் கோயிலாகவும் இருக்கலாம், ‘கொய்ல்’ என்னும் காடாகவும் இருக்கலாம். கில்டேர் என்பது கருவாலி மரக் கோயில். கைல்மோர் என்பது பெருங்காடு. கில்மோர் என்ற பெயரை மட்டும் பார்த்தால் பெருங்கோயிலா பெருங்காடா என்று சொல்ல முடியாது. ஓடோனவனின் பெயரேட்டைப் புரட்டினால்தான் தெரியும். நுண்புள்ளிக்கும் அம்புக்கும் விளக்கப் பட்டியல் உண்டு. இதற்கு முதியவரின் உச்சரிப்புதான் விளக்கம்.

எண்களும் வீடுகளும்

கிரிஃபித்தின் பெயரால் அறியப்படும் வரி மதிப்பீடு 1847 முதல் 1864 வரை வெளிவந்தது. 6 அங்குலத் தாளின் மேல் கையால் எழுதிய எண்களும் எழுத்துகளும் அதற்குரியவை. ஓர் உதாரணம்: 7 என்ற எண்ணோடு பெரிய ‘ஏ’, இன்னோரிடத்தில் 7 என்ற எண்ணோடு பெரிய ‘பி’, முதல் துண்டுக்குள் சிறிய ‘ஏ’. பொருள் இது: 7ஆம் அனுபோகத்தில் இரண்டு தனித்தனி நிலத்துண்டுகள், வீடு இருப்பது முதல் துண்டில். அச்சிட்ட மதிப்பீட்டு ஏட்டில் 7ஆம் எண்ணைப் பார்த்தால் அனுபவிப்பவர் பெயர், நிலம் கொடுத்தவர் பெயர், பரப்பு, மதிப்பு எல்லாம் வரிசையாக இருக்கும். 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசே அழித்தது; 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாயின; அதற்கு முந்தியவற்றில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் தீயில் எரிந்தது. எனவே மூதாதையரைத் தேடும் அயர்லாந்துக்காரருக்கு இந்த எண்ணும் எழுத்தும் பெரும் துணை.

மைலுக்கு ஏறக்குறைய 25 அங்குலம் என்ற அளவில் 1880களின் இறுதியில் தொடங்கி 1913இல் முடிந்த அடுத்த தொகுதியில் குறிகள் இன்னும் நுட்பமாயின. ஒவ்வொரு துண்டின் பரப்பும் ஏக்கரின் தசமத்தில் அதனுள்ளேயே இருக்கும். இரண்டு துண்டுகளைத் தாண்டிக் கிடக்கும் நீண்ட ‘எஸ்’ போன்ற வளைகோடு, அவற்றைச் சேர்த்தே பரப்பு கணக்கிட்டதைச் சொல்கிறது; அது பாதையோ வாய்க்காலோ அல்ல. கூரையுள்ள கட்டடம் நிழலிட்டது, கூரையற்றது வெறும் கட்டம்.

இந்தக் கடைசிக் குறியோடு இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேயோ கவுன்டியின் ஆக்கில் தீவில் ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில், 1830களின் தாளில் வரிசையாக வீடுகள் நெருங்கியிருக்கின்றன. இன்று அங்கே நிற்பவை கூரையற்ற கற்சுவர்கள். 1841இல் 81 லட்சத்துக்கு மேலிருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை 1851இல் 65 லட்சமாயிற்று. இடையில் வந்தது பெரும்பஞ்சம். ஒவ்வொரு வெற்றுக் கட்டமும் பஞ்சத்தால் வந்ததல்ல. வெளியேற்றம், குடிபெயர்வு, நிலச் சீரமைப்பு, கோடை மேய்ச்சலுக்கு மட்டும் வீட்டைப் பயன்படுத்தியது என்று காரணங்கள் பல. குறி ‘கூரை இல்லை’ என்று மட்டும் சொல்கிறது. ஏன் இல்லை என்பதை மதிப்பீட்டு ஏட்டையும் ஊர் வரலாற்றையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

காலியிடமும் ஒரு குறியே

இருக்கும் குறியைப் போலவே இல்லாத குறியும் பேசும். 1833இன் லண்டன்டெரித் தாள்களில் வயல்வேலிகள் இல்லை. வடக்கே வயலும் வேலியும் இல்லாமலா இருந்தன? அப்போது அவற்றைக் காட்டச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பின்னால் மதிப்பீட்டு வேலைக்கு வேலிகள் தேவைப்பட்டதால் திருத்தியபோது சேர்த்தார்கள்.

இதைவிடப் பெரிய காலியிடம் அதற்கு ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்னரே உண்டு. ஆங்கிலத் தளபதி குரோம்வெல் நடத்திய போரில் கத்தோலிக்கரிடமிருந்து பறித்த நிலத்தைப் பங்கிட, வில்லியம் பெட்டி 1650களில் நடத்தியது ‘டவுன் சர்வே’. அளந்ததைப் படத்தில் இறக்கி வைத்ததால் அந்தப் பெயர். அதில் பறித்த நிலத்துக்கு நுணுக்கமான விவரம். பயனுள்ள நிலம், பயனற்ற நிலம் என்ற பாகுபாடு. பறிக்கப்படாத நிலம் பெரும்பாலும் வெறுமை. அந்த வெறுமையைத் தரிசு என்று படிப்பவர் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறார். அங்கே நிலம் தன் உரிமையாளர் கையிலேயே இருந்தது. பங்கிட வந்தவருக்கு அதை அளக்க வேலையில்லை.

ஆகவே புரியாத குறி ஒன்று எதிர்ப்பட்டால் செய்ய வேண்டியவை சில. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு அளவை என்று முதலில் பாருங்கள். ஒரே குறி வேறு பதிப்பில் வேறு பொருள் தரலாம். அதே தாளில் அதே குறி வேறெங்கு வருகிறது, எதன் அருகில் வருகிறது என்று தேடுங்கள். முந்தைய பதிப்பையும் பிந்தைய பதிப்பையும் ஒப்பிடுங்கள். பெயரேட்டையும் மதிப்பீட்டு ஏட்டையும் புரட்டுங்கள். முடிந்தால் அந்த இடத்துக்கே போய் நின்று பாருங்கள். கடைசியாக, இந்தக் குறியால் அன்றைக்கு யாருக்கு என்ன பயன் என்று கேளுங்கள். பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்விதான் பூட்டைத் திறக்கும்.

ஓடைகள் தடம் மாறுகின்றன. தூர்ந்துபோகின்றன, நேராக வெட்டப்படுகின்றன, சாலைக்கு அடியில் குழாய்க்குள் போகின்றன. ஆனால் ‘சி.எஸ்.’ என்று எழுதிய எல்லை தாளில் பழைய வளைவோடு அப்படியே இருக்கிறது. எல்லைகாட்டியின் விரல் அன்று எங்கே சுட்டியதோ, அங்கே.